எஸ்.சி.டி. உணவில் இருக்கும் பையனுக்குப் பயறு: எதில் தொடங்குவது?

கோவைஅம்மா:
மகனுக்கு 9 வயது, க்ரோன் நோய் (குடலில் வரும் நீடித்த அழற்சி). மருந்தோடு சேர்த்து எஸ்.சி.டி. (Specific Carbohydrate Diet, தானியமும் மாவுச்சத்தும் சர்க்கரையும் விலக்கும் பத்தியம்) உணவுமுறையில் இருக்கிறான். அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு, சர்க்கரை எதுவும் கிடையாது. இட்லி தோசை போயே போச்சு. முட்டை, கறி, மீன், குழைய வேகவைத்த காய், தேன், 24 மணி நேரம் உறைய வைத்த தயிர், இவ்வளவுதான். வலியும் பேதியும் நின்று மூன்று மாதம் தாண்டிவிட்டது, எடையும் ஏறுகிறது. இனி பயறு கொடுத்துப் பார்க்கலாம் என்று உணவியல் நிபுணர் சொல்லிவிட்டார்.

அவர் கொடுத்த தாளில் நேவி பீன்ஸ் (சின்ன வெள்ளை பீன்ஸ் கொட்டை), லைமா பீன்ஸ், லென்டில் என்று போட்டிருக்கிறது. பாசிப்பருப்பும் கொண்டைக்கடலையும் 'கூடாது' பக்கம். இதில்தான் வீட்டில் பஞ்சாயத்து. "பச்சைக் குழந்தைக்கே பாசிப்பருப்புதான் முதல்ல குடுப்போம். அதை வேண்டாம்னுட்டு பீன்ஸ் கொட்டையைக் குடுக்கச் சொல்றாங்களாக்கும்?" என்கிறார் மாமியார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்த நேவி பீன்ஸ் இங்கே எந்தக் கடையிலும் இல்லை. எதில் தொடங்கலாம்? பெருங்காயம் போட்டால் வாயு அடங்கும்தானே?

ஸ்கார்பரோஜெயா:
தங்கச்சி, முதலில் பெருங்காயத்தை எடுத்து அலமாரியில் வையுங்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ அரிசி மாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கம் பாருங்கள், போட்டிருப்பார்கள். இத்தனை நாள் கட்டிக்காத்த பத்தியம் ஒரு சிட்டிகையில் போய்விடும். சீரகமும் இஞ்சியும் போதும்.

என் மகளுக்குப் பெருங்குடல் புண். நாங்கள் தொடங்கியது நேவி பீன்ஸில்தான். இங்கே கனடாவில், ஒன்ராறியோவிலேயே விளைகிறது, எந்தக் கடையிலும் கிடைக்கும். உங்கள் பக்கம் அதைத் தேடி அலைய வேண்டாம். ஊட்டி டபுள் பீன்ஸ் லைமா இனம்தான். லென்டில் என்றால் நம் மைசூர் பருப்பு. தோல் நீக்கி உடைத்தது, சீக்கிரம் கரையும். உங்கள் இடத்தில் நானாக இருந்தால் அதில்தான் தொடங்குவேன்.

ஊறவைப்பதில் மட்டும் சோம்பல் கூடாது. இரவு முழுக்க, 10, 12 மணி நேரம் ஊற வேண்டும். அந்தத் தண்ணீரைக் குழம்புக்கு எடுத்து வைக்காமல் கொட்டிவிடுங்கள். பயறில் இருக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்கிற சர்க்கரைகளை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்கே கிருமிகள் தின்று வாயுவாக்குகின்றன. ஊறிய தண்ணீரோடு அதில் ஒரு பங்கு வெளியேறிவிடும். உங்கள் ஊர் வெயிலில் புளித்து நுரைத்துவிடும், குளிர்சாதனப் பெட்டியில் ஊறவையுங்கள். வேகவைக்க ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வேண்டாம், பயறு கல்லாகவே நிற்கும். கோவைக்காரர்களுக்குத்தான் சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் இருக்கிறதே! விரல் நடுவே வைத்து அழுத்தினால் மாவாக நசுங்க வேண்டும், அதுதான் பதம். டபுள் பீன்ஸ் என்றால் மசித்து, வடிகட்டியில் தேய்த்துத் தோலை எடுத்துவிடுங்கள்.

முதல் நாள் ஒரு மேசைக்கரண்டி, மதியச் சாப்பாட்டோடு. இரவில் கொடுத்தால் வாயு வந்து பிள்ளை தூங்காது, நீங்களும் தூங்க மாட்டீர்கள். அப்புறம் மூன்று நான்கு நாள் வேறு புதுச் சாமான் எதுவும் வேண்டாம். பரீட்சைக் கிழமையிலும் தொடங்காதீர்கள்.

பிரியா_உணவியல்:
ஜெயா அக்கா சொன்னது சரி. நான் குழந்தைகள் உணவியலில் வேலை செய்கிறேன், இரண்டு விஷயம் சேர்க்கிறேன். க்ரோனில் சில பிள்ளைகளுக்குக் குடல் ஓரிடத்தில் சுருங்கியிருக்கும். அப்படி இருந்தால் தோலோடு கூடிய முழுப் பயறு அடைத்துக்கொள்ளலாம். ஸ்கேனில் சுருக்கம் எதுவும் உண்டா என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்தது ராஜ்மா. தாளில் இருந்தாலும் இப்போது வேண்டாம். பின்னால் கொடுக்கும்போது ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வையுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்கிற நச்சுப் புரதம், நல்ல வயிற்றுக்காரரையே வாந்தி பேதியில் தள்ளும். குறைந்த சூட்டில் மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரம் இதற்கு ஆகவே ஆகாது.

கொஞ்சம் உப்புசம், ஓரிரு நாள் வாயு, இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். அளவைக் குறைத்துத் திரும்பப் பாருங்கள். மலத்தில் ரத்தம், ராத்திரி எழுந்து கழிவறைக்கு ஓடுவது, காய்ச்சல், எடை இறங்குவது என்றால் பயறை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எது எப்படியானாலும் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மாமியார் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பாசிப்பருப்பு கெட்ட பொருள் இல்லை, அதை ஏன் விலக்க வேண்டும் என்பதற்கு எல்லா மருத்துவர்களும் ஒப்புக்கொண்ட காரணமும் கிடையாது. இந்த முறையின் பட்டியல் அப்படி. இந்த முறையில் இருக்கும்வரை அதன்படியே போனால்தான் எது ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று நமக்குப் புரியும். பட்டியலைத் தளர்த்தும்போது பாசிப்பருப்பையும் கேட்டுப் பார்க்கலாம்.

கோவைஅம்மா:
ரெண்டு பேருக்கும் நன்றிங்க. பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், கோதுமை மாவுதான். ஸ்கேனில் சுருக்கம் இல்லை என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். மைசூர் பருப்பு ஒரு கரண்டி, சீரகம் தாளித்து, பூசணிக்காயோடு மசித்துக் கொடுத்தேன். லேசாக வாயு, அவ்வளவுதான். "பாசிப்பருப்பு மாதிரியேதான் இருக்குது" என்று மாமியாரும் ருசி பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பையன் கேட்பதெல்லாம் தோசை. ஊறவைத்த மைசூர் பருப்பை அரைத்து ஊற்றலாமா?

ஸ்கார்பரோஜெயா:
ஊற்றலாம், இப்போது இல்லை. வெந்து மசிந்த பருப்பை அரைக் கிண்ணம் வரை தாங்கட்டும். அரைத்து ஊற்றும்போது உள்ளே சரியாக வேகாமல் போக இடமுண்டு. பிறகு செய்யும்போது மாவோடு ஒரு முட்டை அடித்து, மெல்லியதாக ஊற்றி, மூடி வையுங்கள். இரண்டு பக்கமும் நன்றாகச் சிவக்கட்டும். இஞ்சி தட்டிப் போட மறக்காதீர்கள்.