முன் பிரேக் பிடித்தால் கிரீச் சத்தம், மகள் பிரேக் பிடிக்கவே தயங்குகிறாள். என்ன செய்யலாம்?

வைகைக்கரை:
வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், சைக்கிளில்தான் பள்ளிக்குப் போய் வருகிறாள். கியர் இல்லாத சாதாரண சைக்கிள். இரண்டு சக்கரத்திலும் வி-பிரேக் (இரண்டு பக்கமும் ஒரு கை, அதில் மாட்டிய ரப்பர் கட்டை ரிம்மைக் கவ்வும் வகை), அலுமினிய ரிம். வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது.

மழைக்காலம் முடிந்ததிலிருந்து இரண்டு பிரேக்கும் கத்துகின்றன. முன் பிரேக்தான் ரொம்ப மோசம். நிற்கப் போகும் நேரத்தில் காது கூசுகிற மாதிரி ஒரு கிரீச். பள்ளி வாசலில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்களாம். போன வாரம் அவள் பின்னாலேயே ஸ்கூட்டரில் போனபோதுதான் கவனித்தேன்: முன் பிரேக்கைத் தொடவே இல்லை. பின் பிரேக்கை மட்டும் லேசாகப் பிடித்து, காலைத் தரையில் தேய்த்து நிறுத்துகிறாள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

சத்தம் போகட்டும் என்று நான்கு நாள் முன்பு பிரேக் அச்சுப் பக்கம் ஸ்ப்ரே எண்ணெய் அடித்தேன். இரண்டு நாள் சத்தம் இல்லை. ஆனால் பிரேக்கும் சரியாகப் பிடிக்கவில்லை. இப்போது பழைய சத்தம் இன்னும் கூடுதலாகத் திரும்பி வந்துவிட்டது. கட்டையை மாற்றினால் சரியாகுமா?

போக்ஸ்கம்பி:
சார், முதலில் ஒன்று. இதைச் சரிசெய்கிற வரை பாப்பாவை அந்த சைக்கிளில் அனுப்பாதீர்கள். சத்தம் நின்ற அந்த இரண்டு நாளும் எண்ணெய் ரிம்மில் பட்டிருந்திருக்கிறது. பிரேக் கட்டை ரப்பர். அது ரிம்மைக் கவ்வினால்தான் சக்கரம் நிற்கும். எண்ணெய் பட்டால் வழுக்கிக்கொண்டுதான் போகும்.

இனி வேலைக்கு வருவோம். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் ரிம்மின் இரண்டு பக்கமும் நன்றாகத் தேய்த்து, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சுத்தமான துணியில் நனைத்து ஒரு சுற்றுத் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். சானிடைசர் வேண்டாம், பலவற்றில் கிளிசரின் இருக்கும், அதுவும் படலமாகப் படியும்.

அப்புறம் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் 5 மி.மீ. ஆலன் கீ (அறுகோண முனைச் சாவி) போதும், சிலதில் 10 மி.மீ. நட் இருக்கும். வாஷர்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் முகம் கண்ணாடி மாதிரி பளபளப்பாக இருந்தால் உப்புத்தாளைத் தரையில் விரித்து, கட்டையை அதன்மேல் தேயுங்கள். பளபளப்புப் போய் மங்கலான கறுப்பு வர வேண்டும். ரப்பருக்குள் வெள்ளி நிறத்தில் ஏதாவது மின்னினால் அது ரிம்மிலிருந்து பெயர்ந்த அலுமினியத் துணுக்கு. ஊக்கின் முனையால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துவிடுங்கள், விட்டால் ரிம்மை அரம் மாதிரி ராவும்.

கட்டையில் குறுக்கே பள்ளக் கோடுகள் இருக்கும். அவை தெரிகிற வரை கட்டை உயிரோடு இருக்கிறது. தேய்ந்து மறைந்திருந்தாலோ, எண்ணெய் உள்ளே ஊறியிருந்தாலோ புதுசு போட்டுவிடுங்கள்.

சாக்பீஸ்:
போக்ஸ்கம்பி அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் ஆசிரியை, இதைத் தினமும் கையிலேயே பார்க்கிறேன். கரும்பலகையில் சாக்பீஸை ஒரு கோணத்தில் பிடித்தால் கிரீச் என்று கத்தும். கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் அதே சாக்பீஸ் பேசாமல் எழுதும். பிரேக் கட்டையும் அப்படித்தான். ஒட்டிக்கொள்ளும், உடனே வழுக்கும், மறுபடி ஒட்டும். நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை இது நடக்கும்போது பிரேக்கின் கையும் ஃபோர்க்கும் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) சேர்ந்து அதிர்கின்றன, அதுதான் நம் காதுக்கு வருகிறது.

அதனால் கட்டையைத் திரும்ப மாட்டும்போது சற்றே சாய்த்து மாட்ட வேண்டும். சைக்கிள் போகும் திசையில் இருக்கும் முன் நுனி ரிம்மை முதலில் தொட வேண்டும், பின் நுனி ஒரு மி.மீ. அளவு விலகி நிற்க வேண்டும். கண்ணளவில் செய்வது கஷ்டம். ஒரு விசிட்டிங் கார்டை இரண்டாக மடித்து, கட்டையின் பின் நுனிக்கும் ரிம்முக்கும் நடுவில் வையுங்கள். பிரேக் லிவரைப் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்குங்கள். பிறகு கார்டை உருவிவிடுங்கள், சாய்வு தானாக அமைந்திருக்கும். இறுக்கும்போது கட்டையும் கூடவே திரும்பப் பார்க்கும், கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கட்டை டயரை உரசக் கூடாது, ரிம்முக்குக் கீழேயும் இறங்கக் கூடாது. டயரை உரசினால் ஒரு நாள் டயரே வெட்டுப்பட்டு டியூப் வெடிக்கும்.

குன்னூர் இறக்கம்:
என்னுடையது டிஸ்க் பிரேக். செயினுக்கு அடித்த ஸ்ப்ரே காற்றில் பறந்து டிஸ்க்கில் படிந்து, இதே கதைதான் ஆனது. டிஸ்க்கை ஆல்கஹாலால் துடைத்தேன், பேடையும் (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் கட்டை) தேய்த்துப் பார்த்தேன், இரண்டு நாளில் மறுபடி கத்தியது. கடைசியில் புது பேட் போட்ட பிறகுதான் அடங்கியது. எண்ணெய் குடித்த பேடைக் காப்பாற்றுவது பெரும்பாலும் வீண் வேலை. டிஸ்க் வைத்திருப்பவர்கள் அதை விரலால்கூடத் தொடாதீர்கள், விரலில் இருக்கும் பிசுக்கே போதும். செயினுக்குச் சொட்டு எண்ணெய் விடுங்கள், ஸ்ப்ரே வேண்டாம்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க இதிலேயே உட்கார்ந்தேன். மகளும் கூட உட்கார்ந்தாள், ஊக்கு வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். முன் கட்டை ஒன்றில் மட்டும் ஏழு துணுக்குகள். ஒன்று கிட்டத்தட்ட அரிசி நொய் அளவு. ரப்பருக்குள் புதைந்து, நுனி மட்டும் வெளியே தெரிந்தது. ரிம்மில் அதே இடத்துக்கு நேராக மெல்லிய கோடு விழுந்திருக்கிறது, நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது.

பின் பிரேக் சுத்தமாக அமைதி. முன் பிரேக் இப்போது நன்றாகப் பிடிக்கிறது, சத்தமும் பாதி குறைந்துவிட்டது. ஆனால் வேகம் குறைந்து நிற்கும் கடைசி நேரத்தில் இன்னும் ஒரு முனகல். கார்டு வைத்து இரண்டு முறை மாட்டிப் பார்த்துவிட்டேன்.

சைக்கிள் கடை மகன்:
சார், அப்பா கடையில் இந்த மாதிரி வண்டி நிறைய வரும். சுத்தம் செய்து, சாய்வும் வைத்து, பிறகும் முனகினால் அப்பா கட்டையைப் பார்க்க மாட்டார். எது ஆடுகிறது என்றுதான் தேடுவார்.

இரண்டு சோதனை. பிரேக்கைப் பிடிக்காமல், கட்டை மாட்டியிருக்கும் அந்தக் கையை விரலால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் அதன் அடியில், ஃபோர்க்கோடு சேரும் இடத்தில் இருக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறது. அடுத்து, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஹேண்டில் கழுத்தில் விரலை வைத்தால் அங்கே ஆட்டம் இருக்கிறதா என்று தெரியும். கழுத்தில் ஆடினால் கடைக்குக் கொண்டு போங்கள். அதைச் சரியான அளவுக்கு இறுக்க வேண்டும், அதிகமானால் ஹேண்டில் திரும்பாது. போல்ட் என்றால் நீங்களே இறுக்கலாம். இறுக்கிய பிறகு கை தடையில்லாமல் திறந்து மூடுகிறதா என்று பாருங்கள்.

வைகைக்கரை:
தம்பி, அதேதான்! கழுத்தில் ஆட்டமில்லை. ஆனால் பிரேக்கின் இடது கை நன்றாக ஆடியது. போல்ட் முக்கால் சுற்று தளர்ந்திருந்தது. இறுக்கினேன், முனகல் போய்விட்டது.

இன்று காலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் தெப்பக்குளம் போனோம். தேய்த்த கட்டை ரிம்மில் படிய வேண்டும் என்று இருபது தடவை வேகமெடுத்து, மெதுவாகக் குறைத்துப் பழகினாள். அப்படியே முன் பிரேக்கையும் சொல்லிக்கொடுத்தேன். பிரேக் பிடிக்கும்போது உடல் பாரம் முன்னால் சாய்வதால் முன் சக்கரம்தான் அதிகம் நிறுத்தும், பின்னால் மட்டும் பிடித்தால் சக்கரம் சறுக்கும். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தச் சொன்னேன். முதல் நான்கைந்து தடவை முன் லிவரைத் தொடும் முன் தோளைக் குறுக்கினாள், சத்தம் வரும் என்று. பிறகு அது நின்றுவிட்டது. காலைத் தரையில் தேய்க்கவே இல்லை.

ரிம்மில் விழுந்த கோடு பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

சைக்கிள் கடை மகன்:
நகத்துக்குத் தட்டுப்படும் மெல்லிய கோடு என்றால் ஓட்டலாம் சார். ரிம்மின் பக்கம் உள்வாங்கிக் குழிந்தால் மாற்ற வேண்டும். மாதம் ஒரு முறை கட்டையைப் பாருங்கள், மழையில் ஓட்டினால் வாரம் ஒரு முறை. மணல் ஒட்டிக்கொண்டு வருவதால்தான் துணுக்கு பெயர்கிறது. ஊக்கைப் பாப்பாவிடமே கொடுத்து வையுங்கள்.