மெல்போர்னில் அம்மாவோடும் பிள்ளைகளோடும் சேர்ந்து என்ன பேக் செய்யலாம்?

மதுரைப்பொண்ணு:
ஏப்ரலில் மூன்று வாரம் மெல்போர்னில் தங்கை வீட்டில் இருக்கப்போகிறோம். ஊர் சுற்றும் திட்டம் பெரிதாக இல்லை. அம்மா, நான், தங்கை மூவரும் ஒரே வீட்டில் இருந்து ஆறு வருடம் ஆகிறது, அதனால் பிள்ளைகளையும் (என் மகனுக்கு 9, தங்கை மகளுக்கு 6) சேர்த்துக்கொண்டு எதையாவது பேக் செய்து சாப்பிட வேண்டும் என்று ஆசை. அம்மா முட்டை தொடமாட்டார். குக்கரில் உப்பு போட்டு கேக் செய்த பழக்கம்தான் எனக்கு, ஓவனைத் தொட்டதே இல்லை. அந்த ஊர்ப் பலகாரமாக ஏதாவது சொல்லுங்களேன்.

ஜீலாங்வாசி:
கண்ணை மூடிக்கொண்டு ஆன்சாக் பிஸ்கட் செய்யுங்கள், முட்டையே கிடையாது. 1915 ஏப்ரல் 25 அன்று துருக்கியின் கலிப்பொலியில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்கள் கரையிறங்கியதை நினைவுகூரும் ஆன்சாக் தினமும் நீங்கள் இருக்கும்போதே வரும்.

மைதா, ஓட்ஸ், உலர்ந்த தேங்காய்த் துருவல் ஒவ்வொன்றும் ஒரு கப், பழுப்புச் சர்க்கரை முக்கால் கப். 125 கிராம் வெண்ணெயை இரண்டு மேசைக்கரண்டி கோல்டன் சிரப்போடு (பொன்னிறமான கெட்டிச் சர்க்கரைப் பாகு) உருக்குங்கள். அப்புறம் இரண்டு மேசைக்கரண்டி கொதிநீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து அதில் ஊற்றினால் நுரைத்துப் பொங்கும், பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி நின்று அதைப் பார்க்க விடுங்கள், அவ்வளவு சந்தோஷப்படுவார்கள். எல்லாவற்றையும் பிசைந்து எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து, தட்டில் இடைவெளி விட்டு வைத்து லேசாக அமுக்கி, 160 டிகிரியில் 12 நிமிடம். உருண்டை பிடிக்கும் வேலையை அம்மாவிடமே கொடுங்கள், லட்டு பிடித்த கை அல்லவா.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
மேலே சொன்னது சரி, ஆனால் மாவு சூடாக இருக்கும்போதே உருட்ட வேண்டும், ஆறினால் உதிரும். உதிர்ந்தால் ஒரு கரண்டி வெந்நீர் தெளித்தால் போதும். இன்னொன்று, ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மி.லி., நம் ஊரில் வாங்குவது பெரும்பாலும் 15 மி.லி., அதனால் தங்கை வீட்டுக் கரண்டியையே எடுங்கள். காற்றாடி ஓடும் ஓவன் என்றால் 20 டிகிரி குறைக்க வேண்டும். வெளியே எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் இறுகும். இது தெரியாமல் நான் முதல் முறை எட்டு நிமிடம் கூடுதலாக விட்டுவிட்டேன், மாமியார் பாவம், பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டார்.

மதுரைப்பொண்ணு:
படித்ததுமே அம்மாவிடம் சொல்லிவிட்டேன், ஏலக்காய் போடலாமா என்று இப்போதே கேட்கிறார். கோல்டன் சிரப்புக்குப் பதில் இங்கிருந்து கருப்பட்டி கொண்டு வரலாமா?

ஜீலாங்வாசி:
ஏலக்காய் தாராளமாகப் போடுங்கள். கருப்பட்டி கொண்டு வந்தால் விமான நிலையத்தில் கட்டாயம் அறிவித்துவிடுங்கள், பார்த்துவிட்டு அவர்கள் முடிவு சொல்வார்கள். சொல்லாமல் விட்டால் அபராதம் பெரிது. கோல்டன் சிரப் இங்கே எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும், முதல் முறை அதிலேயே செய்து பாருங்கள். சாமான் எல்லாம் 24ஆம் தேதியே வாங்கி வையுங்கள், மறுநாள் காலையில் பல கடைகள் திறக்காது.