சிவ் 7: யுகம் முடிஞ்சா என் பேரரசும் ஏன் முடியணும்?

ஆறுமுனை:
பேரரசைக் கட்டி ஆளற கணினி ஆட்டமான சிவிலைசேஷன் 7 (சுருக்கமா சிவ் 7) பிப்ரவரி 2025ல் வந்துச்சு. வெளிவந்த முதல் சில மாசத்துல இருந்த விதிகளை வெச்சுத்தான் இந்த இழை. மெனு குழப்பம், திரையில தகவல் பத்தலை, டிஎல்சி (தனியா காசு குடுத்து வாங்கற கூடுதல் பகுதி) பிரச்சினை இதெல்லாம் இந்த இழையில் வேண்டாம். அப்டேட் வர வர அதெல்லாம் சரியாகும். அப்டேட்டால சரியாகாத ஒண்ணு இருக்கு, அதைப் பத்தித்தான் பேசணும்: யுக மாற்றம்.

இன்னும் ஆடாதவங்களுக்காகச் சுருக்கமா சொல்றேன். ஆட்டம் மூணு யுகம்: பழங்காலம், கடற்பயணக் காலம், நவீன காலம். தலைவர் கடைசி வரைக்கும் ஒருத்தர்தான். ஆனா யுகம் முடியும்போது நாகரிகத்தை மாத்தியே ஆகணும். அசோகரை வெச்சு மௌரியரா ஆரம்பிச்சா அடுத்து சோழர், அதுக்கப்புறம் முகலாயர்னு போகலாம். அப்படியே மௌரியராவே இருக்கறேன்னு சொல்ல வழி கிடையாது.

போன ஆட்டத்துல பக்கத்து நாட்டுத் தலைநகரை மூணு பக்கமும் வளைச்சு நின்னேன். மதில் விழுந்தாச்சு, நடு மாவட்டத்துல ஒரே ஒரு படை மிச்சம், என் யானைகள் ஆத்தைத் தாண்டி வந்து நிக்குது. அந்த டர்ன்ல (ஆட்டத்தோட ஒரு சுற்றுல) யுகம் எவ்வளவு முடிஞ்சுதுன்னு காட்டற கணக்கு நூறைத் தொட்டுது. அடுத்த திரை வந்தா போரே இல்லை, எல்லாரோடயும் சமாதானம். தளபதிகளுக்குள்ள அடங்கின படை தவிர மத்ததுல பெரும்பாலும் போச்சு. தலைநகரைத் தவிர என் நகரங்கள் மொத்தமும் சிற்றூர் ஆயிடுச்சு, மறுபடி தங்கம் குடுத்து ஒவ்வொண்ணா நகரமாக்கணும். முந்தின யுகத்துல நட்பா இருந்த சுயேச்சைக் குடிகளையும் காணோம்.

காலத்தை வென்று நிக்கிற பேரரசைக் கட்டுன்னுதான் இந்தத் தொடர் தன்னை விளம்பரப்படுத்திக்கிட்டு வருது. அந்த வாக்கை நம்பித்தான் ராத்திரி முழுக்க இன்னும் ஒரு டர்ன், இன்னும் ஒரு டர்ன்னு உக்காந்தோம். 7ல் காலம் ஜெயிச்சுடுது, பேரரசு தோத்துடுது.

தேர்ப்படை:
முற்றுகை பாதியில நின்ன ஆத்திரம் நியாயம்தான் ப்ரோ. ஆனா அந்த யுக மாற்றம் எதுக்கு மருந்தா வந்துச்சுன்னு பார்க்காம மருந்தை மட்டும் திட்டறீங்க.

சிவ் 6ல் நடு ஆட்டத்தைத் தாண்டின பிறகு என்ன நடக்கும்னு நினைச்சுப் பாருங்க. பதினஞ்சு நகரம். ஒவ்வொரு டர்னும் நாலஞ்சு நகரம் அடுத்து என்ன கட்டணும்னு கேக்கும். வணிகர் ஒருத்தர் திரும்பி வந்து புது வழி கேப்பார். ஒற்றர் ஒரு பக்கம், வேலையாட்கள் ஒரு பக்கம். இவ்வளவு கிளிக் பண்ணியும் அதுல ஒண்ணுகூட ஆட்டத்தோட முடிவை மாத்தாது, ஏன்னா யார் ஜெயிப்பாங்கன்னு எப்பவோ தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் ஆட்டக்காரங்க பாதியில புது மேப் போட்டுடறாங்க. ஆரம்பிச்ச ஆட்டங்களைப் பலர் முடிக்கறதில்லைன்னு தயாரிப்புக் குழுவே வெளியீட்டுக்கு முன்னாடி சொல்லித்தான் இந்த யுக முறையை அறிமுகப்படுத்தினாங்க.

7ல் எனக்கு ரெண்டாம் யுகத்தோட முதல் இருபது முப்பது டர்ன் மொத்த ஆட்டத்துலயும் பிடிச்ச பகுதி. பழங்காலத்துல ரெண்டு வளத்துக்கு நடுவுல பார்த்துப் பார்த்து வெச்ச நூலகம் இருக்கும். யுகம் மாறினதும் பக்கத்து வளங்களால அதுக்குக் கிடைச்ச பலன் போயிடும். ஆனா கட்டம் போகலை, அதுல உக்கார வெச்ச நிபுணர்களும் போகலை. அதே இடத்துல வானாய்வகம் எழுப்பினா பழைய இடத்தோட பலன் முழுசா உயிர் பெறும். எதை முதல்ல மாத்தறது, எந்தச் சிற்றூரை முதல்ல நகரமாக்கறதுன்னு ஒவ்வொரு டர்னும் நிஜமான முடிவு. சிவ் 6ல் அந்தக் கட்டத்துல எனக்கு அப்படி ஒரு முடிவு எடுக்கக் கிடைச்சதே இல்லை.

இன்னொண்ணு, எல்லாம் அழிஞ்சுபோகுதுங்கறது சரியில்லை. அதிசயங்கள் நிக்கும். மௌரியரோட விகாரை மாதிரி தனிக் கட்டடங்கள் நிக்கும். அவங்களோட கொள்கைகள் மரபா உங்க கையில இருக்கும். பழங்காலப் பொருளாதாரப் பாதையை (அந்த யுகத்துக்குன்னு வெச்ச குறிக்கோள் வரிசையை) முடிச்சவங்களுக்கு நகரங்களை நகரங்களாவே வெச்சுக்கற பொற்கால வரமும் உண்டு. அதை எடுத்திருந்தா உங்க நகரங்கள் இறங்கியிருக்காது.

நாலாம்பாகம்:
இருவர் சொல்வதிலும் ஒரு விஷயம் விடுபடுகிறது. பிற்பகுதி ஏன் சலிக்கிறது? நாம் முந்திவிடுகிறோம், துரத்தி வர எதிராளிக்குத் தெம்பில்லை. ஏன் தெம்பில்லை? 2010ல் ஐந்தாம் பாகம் அறுகோணக் கட்டத்தையும் ஒரு கட்டத்துக்கு ஒரு படை என்ற விதியையும் கொண்டுவந்ததிலிருந்து ஏஐயால், அதாவது கணினி ஆடும் எதிராளியால், போர் செய்ய முடியவில்லை.

2005ல் வந்த நான்காம் பாகத்தை ஆடியவர்கள் யோசித்துப் பாருங்கள். ஒரே கட்டத்தில் எத்தனை படை வேண்டுமானாலும் நிற்கலாம். அதை அழகான முறை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஏஐக்கு அது புரிந்தது. எண்ணிக்கையைச் சேர்த்து, கவண் பொறிகளையும் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டி வந்தால் நம் நகரம் நிஜமாகவே போகும். தொழில்நுட்பத்தில் முந்தியிருந்தாலும் எல்லையில் காவல் குறைந்தால் தண்டனை உண்டு. ஐந்திலும் ஆறிலும் அதே ஏஐ வில்லாளிகளை முன்வரிசையில் நிறுத்துகிறது, வாள்வீரர்கள் பின்னால் மலையிடுக்கில் சிக்கித் திணறுகிறார்கள், துணைக்கப்பல் இல்லாமல் படையைக் கடலில் இறக்கிவிடுகிறது. அப்படிப்பட்ட எதிரியை நூறாவது டர்னில் தாண்டிவிட்டால் மிச்சம் இருநூறு டர்னும் வெறும் நடைப்பயணம்தான்.

துரத்துகிறவனுக்கு ஓடக் கற்றுக்கொடுக்காமல், முன்னால் ஓடுகிறவனை இருமுறை நிறுத்தி மறுபடி கோட்டில் நிற்கவைப்பதுதான் யுக மாற்றம். ஆறுமுனை அவர்களின் கோபத்துக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

புதுக்குடி:
நான் 7லதான் ஆரம்பிச்சேன், முன்னாடி எதுவும் ஆடினதில்லை. எனக்கு யுகம் மாறுறது ஜாலியாத்தான் இருக்கு. மூணு சின்ன ஆட்டம் மாதிரி, ஒரு யுகத்தை முடிச்சுட்டு சேவ் பண்ணிட்டுத் தூங்கலாம். பழைய பாகங்கள்ல இந்தச் சலிப்பைக் குறைக்க எதுவுமே பண்ணலையா அண்ணா?

ஆறுமுனை:
பண்ணாங்க புதுக்குடி, அதுதான் என் வாதமே. ஐந்தாம் பாகத்துக்கு 2013ல் வந்த விரிவாக்கத்துல கடைசிக் காலத்துக்குன்னு சித்தாந்தங்களைக் கொண்டுவந்தாங்க. பக்கத்து நாட்டோட கலாசாரம் உன்னைவிட வலுவா இருந்தா, உன் ஜனங்களே அவங்க சித்தாந்தம் வேணும்னு கேட்டு அதிருப்தியில கொதிப்பாங்க. முன்னணியில இருந்தவன் நாடு ஆடிப்போகும். ஆறாம் பாகத்துக்கு 2018ல் விசுவாசமும் பொற்காலம், இருண்டகாலமும் வந்துச்சு. இருண்டகாலத்துல விழுந்தா எல்லையோர நகரம் கைமாறிப் போகும். ஆனா இருண்டகாலத்துலேருந்து நேரா பொற்காலத்துக்கு ஏறினா அது வீரயுகம், ஒண்ணுக்கு மூணு வரம். விழுந்ததும் என் பேரரசு, எழுந்ததும் என் பேரரசு. பேரை மாத்தச் சொல்லலை, போரை நிறுத்தச் சொல்லலை.

அப்புறம் சோழர் விஷயம். நம்மில் பலர் 7ஐ ஆர்வமா எதிர்பார்த்ததுக்கு அதுவும் ஒரு காரணம். சோழர் இந்த ஆட்டத்துல கடற்பயணக் காலத்துக்கு மட்டும்தான். கரிகாலன் கல்லணை கட்டினது பழங்காலம். ராஜேந்திரன் ஸ்ரீவிஜயத்து மேல கப்பற்படை அனுப்பினது 1025. நடுவுல களப்பிரர், பல்லவர்னு எத்தனையோ வந்து போயும் சோழர்ங்கற பேர் இத்தனை நூற்றாண்டு தாண்டி நின்னுச்சு. காலத்தை வென்று நிக்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் வேணுமா? அந்தச் சோழரை நடு யுகத்துல இறக்கி, உச்சத்துக்குப் போற நேரத்துல, கிளம்பு, இனிமே நீ முகலாயர்னு ஆட்டம் சொல்லுது.

தேர்ப்படை:
சோழர் உதாரணத்தையே எடுத்துக்கறேன், அது என் பக்கம்தான் பேசுது.

சிவ் 6 முறையில சோழரைப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? கலம்னு ஒரு தனிக்கப்பல், இடைக்காலத்துல கிடைக்கும். அதுவரைக்கும் முதல் நூறு டர்ன் வெறும் பேர்ப்பலகைதான் சோழர். கப்பல் வந்து முப்பது நாப்பது டர்ன் ஆடினதும் அதுவும் பழசாயிடும். அமெரிக்காவைப் பாருங்க: மஸ்டாங் போர்விமானமும் திரைப்பட நிலையமும் வர்றதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிருக்கும். சுமேரியருக்கு மறுமுனை: போர்த்தேர் முதல் டர்ன்லயே கையில, அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் சொல்லிக்க ஒண்ணும் இல்லை.

7ல் சோழர் வர்றப்பவே கடல் திறக்குது. சோழரோட தனிக் கட்டடங்களான அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் ஒரே மாவட்டத்துல சேர்த்துக் கட்டினா ஐந்நூற்றுவர் பேர்ல தனி வணிக வட்டாரம் உருவாகும். கலம் ஓடற காலமும் மறுகரைக்குச் செல்வம் தேடிப் போற காலமும் ஒண்ணு. அந்த யுகத்துல முதல் டர்ன்லேருந்து கடைசி டர்ன் வரைக்கும் நீங்க சோழராவே ஆடறீங்க. ஒரு நாகரிகத்துக்கு இவ்வளவு கவனம் இந்தத் தொடர்ல வேற எப்பக் கிடைச்சுது?

சோழரை மட்டும் ஆடணும்னா கடற்பயணக் காலத்துலேருந்தே ஆட்டத்தை ஆரம்பிக்கலாம், அந்த வசதியும் இருக்கு.

கலங்கரை:
யுக மாற்றம் எனக்கும் பிடிக்கும், ஆனா தேர்ப்படை ரொம்ப அழகா வரைஞ்சுட்டார். கடற்பயணக் காலத்துல எந்த நாகரிகத்தை எடுத்தாலும் ஓட்டம் ஒண்ணுதான். கடல் தாண்டு, மறுகரையில குடியேறு, அங்கேருந்து ட்ரெஷர் ஃப்ளீட்டை (செல்வம் ஏத்தின கப்பல்களை) ஊருக்கு ஓட்டிட்டு வந்து புள்ளி சேரு. பொருளாதாரம்னாலும் படைபலம்னாலும் வழி அந்தப் பக்கம்தான் இழுக்குது. சோழருக்கு இது பொருத்தம். சொந்தக் கண்டத்துலயே பரந்து நின்ன ஒரு நிலப்பேரரசுக்கு?

மங்கோலியருக்கு மட்டும் விதிவிலக்கு குடுத்திருக்காங்க. அவங்க சொந்தக் கண்டத்துல பிடிக்கற ஊரும் படைப் பாதைக் கணக்குல சேரும். மங்கோலியரா ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க, மேப் முழுக்க வேற மாதிரி தெரியும். கடற்கரையைத் தேடி ஓட மாட்டீங்க, புல்வெளியையும் கணவாயையும் தேடுவீங்க. ஒவ்வொரு நாகரிகத்துக்கும் அப்படி ஒரு சொந்தப் பாதை இருந்திருந்தா பேர் மாறுறதைப் பத்தி யாரும் இவ்வளவு வருத்தப்பட மாட்டாங்கன்னு நினைக்கறேன். பேர் மாறியும் செய்யற வேலை மாறலைங்கறதுதான் எனக்கு உறுத்துது.

நாலாம்பாகம்:
கலங்கரை சொன்னது முக்கியம். நாகரிகத்துக்கு நாகரிகம் தனிக் குறிக்கோள் என்பது புது யோசனையும் அல்ல. நான்காம் பாகத்தின் 2007 விரிவாக்கத்தோடு ரைஸ் அண்ட் ஃபால் (Rhye's and Fall) என்ற மோட், அதாவது ஆட்டத்தின் மாற்றியமைத்த வடிவம், சேர்ந்தே வந்தது. அதில் ஒவ்வொரு நாகரிகமும் வரலாற்றில் தோன்றிய காலத்தில்தான் மேப்பில் தோன்றும். அதற்கென்றே வரலாற்றை ஒட்டிய குறிக்கோள்கள் இருக்கும். நிலைத்தன்மை என்ற கணக்கு ஒன்று உண்டு. கண்டபடி நகரங்களைப் பிடித்தால், பொருளாதாரம் சரிந்தால், அரசு பொருந்தாவிட்டால் அது இறங்கும். ஓர் எல்லைக்குக் கீழே போனால் பேரரசு உடைந்து சிதறும்.

ஆறுமுனை கேட்பதும் தேர்ப்படை கேட்பதும் அதில் ஒன்றாக இருந்தன. பேரரசு விழலாம், ஆனால் விழுந்தால் அது நான் செய்ததன் விளைவு. ஏழில் வருகிற நெருக்கடிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். இயல்பான அமைப்பில், முதல் இரு யுகங்களிலும் இறுதி நெருங்கியதும் கொள்ளைநோயோ கலகமோ வந்தே தீரும். நன்றாக ஆண்டவருக்கும் வரும், மோசமாக ஆண்டவருக்கும் வரும். தாக்குப்பிடித்துத் தாண்டினாலும் யுகம் முடியும், திணறினாலும் யுகம் முடியும். காரணம் என்னிடம் இல்லாத வீழ்ச்சியை என்னால் என் வரலாறாக ஏற்க முடியவில்லை.

தேர்ப்படை:
நாலாம்பாகம் சார், அந்த மோட் அருமைதான், மறுக்கலை. ஆனா உடைஞ்சு சிதறினதும் பெரும்பாலானவங்க என்ன பண்ணுவாங்க? பழைய சேவை லோட் பண்ணுவாங்க. தன் தப்பால வந்த வீழ்ச்சியை ஏத்துக்கிட்டு ஆடறவங்க ரொம்பக் கொஞ்சம். எல்லாருக்கும் ஒரே நேரத்துல, முன்னாடியே தெரியற மாதிரி வர்றதாலதான் 7ல் ஜனங்க லோட் பண்ணாம மேல ஆடறாங்க.

நெருக்கடியையும் முழுசா விட்டுக்குடுக்க மாட்டேன். எந்தப் பாதகக் கொள்கையைத் தலையில ஏத்திக்கறதுங்கறது நம்ம முடிவுதான். மகிழ்ச்சியைக் கைவிட்டா ஓரத்து ஊர் போகும், படையைக் கைவிட்டா எல்லை போகும். மிச்சம் எவ்வளவோட அடுத்த யுகத்துக்குள்ள போறோம்ங்கறது நம்ம கையில இருக்கு.

ஏஐ விஷயத்துல ஒத்துப்போறேன். தளபதிக்குள்ள படையை அடைச்சு ஒரே கட்டமா நகர்த்தலாம்னு ஆனதால அது முன்னைவிடச் சரியா வந்து சேருது. வந்து இறங்கின பிறகு இன்னும் தடுமாறுது.

புதுக்குடி:
அப்போ ஆட்டம் ஆரம்பிக்கும்போதே ஒரு தேர்வு வெச்சுட்டா போதாதா? மாத்தறவங்க மாத்தட்டும், மாத்தாதவங்க கடைசி வரைக்கும் ஒரே நாகரிகமா ஆடட்டும்.

தேர்ப்படை:
கேக்க நல்லாத்தான் இருக்கு. நவீன யுகத்துல மத்தவங்க எல்லாருக்கும் புதுத் தனிப்படை, புதுக் கட்டடம், புதுக் கொள்கை மரம். மௌரியராவே நிக்கறவர் கையில விகாரையும் யானையும். எதை வெச்சு ஆடுவார்? அவருக்குச் சமமா ஏதாவது குடுக்கணும்னா ஒவ்வொரு நாகரிகத்துக்கும் மூணு யுகத்துக்குச் செய்யணும், அவ்வளவு வேலையை யார் பார்க்கறது? ஒண்ணும் குடுக்கலைன்னா அது தோக்கறதுக்கான தேர்வு.

ஆறுமுனை:
எனக்கு ஒண்ணும் குடுக்க வேண்டாம். தனிப்படை வேண்டாம், தனிக் கட்டடம் வேண்டாம். ரெண்டாம் யுகத்துலயும் மூணாம் யுகத்துலயும் எல்லாருக்கும் பொதுவா இருக்கற துப்பாக்கிப் படையும் பொதுக் கட்டடங்களும் போதும். அந்த முற்றுகை அன்னைக்கு நின்ன இடத்துலேருந்து தொடரணும், கொடியில அதே பேர் இருக்கணும். அதனால ரெண்டு படி கடினமான ஆட்டமா ஆனாலும் நான் அதைத்தான் எடுப்பேன். அந்தத் தேர்வு வர்ற வரைக்கும் என் கணினியில ஆறாம் பாகம்தான் ஓடும்.