ரவுண்டு துப்பாக்கி பேரல்ல லக் பத்தவைக்கிறது, ரெண்டு தடவை சொதப்பிடுச்சு, யாராவது வழி சொல்லுங்க

சாலையோரம்72:
வணக்கம் மக்களே. நான் பென்சில்வேனியால இருக்கேன், இங்க கிறிஸ்துமஸ் முடிஞ்ச கையோட ஃபிளின்ட்லாக் (சிக்கிமுக்கிக் கல் பொறியில வெடிக்கிற பழைய காலத் துப்பாக்கி) சீசன்னு மான் வேட்டைக்குத் தனியா ஒண்ணு ஆரம்பிச்சுடும், கூட வேலை பாக்கிறவர் ஒருத்தர் ரெண்டு வருஷமா இழுத்துட்டுப் போய் இப்ப எனக்கும் அந்தக் கிறுக்கு புடிச்சிருச்சு. ரெடிமேடா வாங்காம கிட் வாங்கி நானே பேஸ்மென்ட்ல செஞ்சிட்டு இருக்கேன். 20 கேஜ் ஃபவுலர் (பறவை வேட்டைக்கான நீளத் துப்பாக்கி), 42 இஞ்ச் பேரல், பின்பக்கம் எட்டுப்பட்டை, போகப்போக ரவுண்டு.

கட்டையையும் பேரலையும் பின் போட்டுப் பிடிக்க அடியில மூணு குட்டி லக் (பின் நுழைய ஓட்டை போட்ட இரும்புக் காது) வேணும், வாய்ப்பக்கம் மேல குறி பாக்க ஒரு பித்தளை சைட். பின்னாடி இரும்பு கனமா இருந்ததால அந்த லக்குக்கு டவ்டெயில் (புறா வால் மாதிரி காடி) வெட்டி அடிச்சிட்டேன். முன்னாடி ரெண்டு லக், சைட், இது மூணுக்கும் வெட்ட பயமா இருக்கு, அங்க சுவர் ரொம்ப மெல்லிசு. சரி பத்தவச்சிடலாம்னு ப்ரொப்பேன் டார்ச்சை எடுத்தேன். மொத தடவை எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வச்சிருந்த ரோசின் போட்ட ஈயக் கம்பி, அது உருண்டை உருண்டையா உருண்டு கீழ விழுந்துச்சு. அடுத்து ஆசிட் ஃப்ளக்ஸ் (இரும்பைச் சுத்தம் பண்ணி ஈயம் ஒட்ட வைக்கிற மருந்து) வாங்கிப் போட்டேன், ஒட்டிச்சு, சுத்தியல்ல தட்டியும் பாத்தேன் அசையல. கட்டையில உக்கார வச்சு பின் எல்லாம் போட்டு ஹீட்டர் பக்கத்துல சாத்தி வச்சிருந்தேன், மூணு வாரம் கழிச்சுப் பாத்தா முன் லக் தானா கழண்டு கிடக்கு. ஒரு தடவைகூட சுடல சார் இன்னும்! என்ன தப்பு பண்றேன்?

பத்தர்பேரன்:
கழண்ட லக்கைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க. ஈயம் முழுக்க லக்லயே ஒட்டிட்டு, பேரல்ல அந்த இடம் வெறும் இரும்பா பளிச்னு இருக்கா? இருந்தா நீங்க தீயை லக் மேல காட்டியிருக்கீங்கன்னு அர்த்தம். லக் கட்டைவிரல் நகம் அளவு, பேரல் ஒன்றரை கிலோ இரும்பு, லக் ஒரு நிமிஷத்துல சூடாகி ஈயத்தைக் குடிச்சிடும், பேரல் அப்பவும் குளுந்துதான் கிடக்கும், பாக்க ஒட்டின மாதிரி இருக்கும் ஆனா ஒட்டல. சூடு எங்கயோ அங்கதான் ஈயம் ஓடும். தீயை பேரலுக்குக் காட்டுங்க, லக் பேரல்கிட்ட இருந்து சூட்டை வாங்கிக்கட்டும்.

சின்ன வயசுல தெருவுல பாத்திரத்துக்கு ஈயம் பூச வருவாங்களே, நினைவிருக்கா? குழி தோண்டி கரி போட்டு துருத்தி ஊதி, அண்டாவை முதல்ல மணல் போட்டுத் தேய்ச்சுக் கழுவி, சூடேத்தி, நவச்சாரப் பொடியைத் தூவினா குப்புனு வெள்ளைப் புகை வரும், அந்தப் புகையிலயே ஈயக் கட்டியை லேசா ஒரு தொடு தொட்டுட்டு துணியால ஒரே சுழட்டு, உள்ள பூரா வெள்ளி மாதிரி ஆயிடும். நீங்க செய்ய வேண்டியது அதேதான், சின்ன சைஸ்ல. பேரல்ல லக் வர்ற இடத்துக்கு மட்டும் தனியா ஈயம் பூசணும், லக் அடியில தனியா பூசணும், ரெண்டும் கண்ணாடி மாதிரி மெல்லிசா இருக்கணும், மிச்சத்தை சூடா இருக்கும்போதே துணியால வழிச்சிடுங்க. அப்புறம் ரெண்டையும் ஜோடி சேத்து, ஃப்ளக்ஸ் தொட்டு, கட்டுக்கம்பியால கட்டி, பேரலை அடியிலயும் பக்கத்துலயும் ஆட்டி ஆட்டி சூடு காட்டுங்க. ஒரு நொடியில லக்கோட நாலு ஓரத்துலயும் பளபளன்னு ஒரு கோடு மின்னும். தீயை எடுத்துடுங்க. ஆறி முடியிற வரை கை வைக்காதீங்க, வேடிக்கை பாக்க வந்தவங்களையும் வைக்க விடாதீங்க.

முக்கியமா, லக் அடிப்பக்கம் தட்டையா இருக்கும், உங்க பேரல் ரவுண்டு. பேரல் மேல எமெரித் துணியை சுத்தி, அது மேலயே லக்கை முன்னும் பின்னும் இழுத்துத் தேய்ங்க, பேரலோட வளைவு லக்ல அச்சா இறங்கிடும். இடைவெளியை ஈயம் அடைச்சுக்கும்னு விடாதீங்க, கனமா நிக்கிற ஈயத்துக்கு பலம் கிடையாது. தேய்ச்ச பிறகு அசிட்டோன்ல துடைங்க, விரல் படக்கூடாது. பிரேக் கிளீனர் போடாதீங்க, குளோரின் கலந்த வகையில தீ பட்டா ஃபாஸ்ஜீன் வரும், அது விஷ வாயு.

டார்ச்சுமணி:
எதுக்கு இவ்வளவு கஷ்டம், வெள்ளி கலந்த உலோகத்தை உருக்கி ஒட்டுற சில்வர் பிரேசிங் போட்டு விடுங்க, ஜென்மத்துக்கும் வராது. ஈயம் எல்லாம் குழாய்க்காரன் வேலை.

பத்தர்பேரன்:
மணி அண்ணே, வராதுதான், ஆனா அதுக்கு 600 டிகிரி செல்சியஸுக்கு மேல போகணும், இரும்பு செக்கச்செவேல்னு ஆயிடும், குழலுக்கு உள்பக்கம் கருப்பு செதில் கட்டும், மெல்லிசான பேரல் கோணிக்கவும் வாய்ப்பு இருக்கு. அந்தக் காலத்துல பிரிட்டிஷ் படையோட பிரவுன் பெஸ் மஸ்கட் துப்பாக்கியில பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டுற இரும்புத் துண்டை பித்தளை வச்சு பிரேஸ் பண்ணினாங்க, உண்மைதான், ஆனா பயனெட்டைப் போட்டு முறுக்குவான், அதுக்கு அந்த பலம் வேணும். இந்த லக் சும்மா கட்டையோட பேரலை சேத்துப் பிடிக்குது, அவ்வளவுதான். சுடும்போது வர்ற உதை பின்பக்கம் பிரீச் (பேரலோட மூடின பின்முனை) வழியா கட்டைக்குப் போயிடும், லக்குக்கு அதுல பெரிய பங்கு இல்ல. நல்ல நல்ல ரெட்டைக்குழல் ஷாட்கன்லயே நடுவுல ஓடுற பட்டை (ரிப்) சாதா ஈயத்துலதான் நிக்குது.

60/40 (டின் 60, காரீயம் 40) ஈயம் 190 டிகிரிக்குள்ளயே உருகிடும். நான் 96/4 டின்-சில்வர் போடுவேன், 221ல உருகும், காரீயம் இல்ல, நல்லா கெட்டி. இன்னொரு வசதி, தேய்ச்சு பளபளப்பா வச்ச இரும்பு கிட்டத்தட்ட அந்த சூட்டுலதான் வைக்கோல் மஞ்சளா மாறும். ஃப்ளக்ஸ் படாத இடத்துல அதைப் பாத்துக்கிட்டே இருங்க. நீலம் வந்துடுச்சுன்னா 300 கிட்ட போயிட்டீங்க, ஃப்ளக்ஸ் கருகியிருக்கும், ஆற விட்டு மறுபடி தேய்ச்சு முதல்ல இருந்து வாங்க. அதுக்கு மேல ஈயத்தைத் தீத்துறது வேஸ்ட்.

(எங்க தாத்தா தங்க வேலை. பத்தவைக்கிற பொடியை வச்சு ஊதுகுழல்ல ஊதுவாரு, பொடி வச்சு ஊதுறதுங்கறது அதுதான். பாட்டி பொடி வச்சுப் பேசுறது வேற டிபார்ட்மென்ட்.)

வன்னிக்காடு:
தம்பி, நான் ஒன்டாரியோவில இருந்து. ரெண்டு விசயம் சொல்லவேணும். ஈயம் மட்டும்தான் பிழையெண்டு நான் நினைக்கேல்ல. லக்கில பின் போற ஓட்டையை வட்டமாத்தானே துளைச்சனீங்கள்? ஹீட்டருக்குப் பக்கத்தில கட்டை காஞ்சு சுருங்கியிருக்கும், பேரல் சுருங்காது, பின் இடையில நிண்டு லக்கைப் பிடிச்சு இழுத்திருக்கும். அரைகுறையா ஒட்டினது பிறகு என்ன செய்யும்? லக்கில இருக்கிற ஓட்டையை பேரல் நீளத்துக்கு ரெண்டு மூண்டு மில்லிமீற்றர் அரத்தால நீட்டி விடுங்கோ. கட்டையில இருக்கிற ஓட்டை வட்டமாவே இருக்கட்டும்.

மற்றது, உங்கட புதுப் பேரல், பயமில்லை. ஆனா இதை வாசிச்சிட்டு ஆரோ பழசொண்டை எடுத்து டார்ச் பிடிப்பினம். எங்கட ஊரில இடியன் துவக்கெண்டு சொல்லுவம், மருந்து கெட்டிச்சபடி பரணில வருசக்கணக்கா கிடக்கும், கரிமருந்து காய்ஞ்சிருந்தா எத்தினை வருசமானாலும் பத்தும். இடிக்கிற தடியை வாய்க்குள்ளால முட்டும் வரை விட்டு, வாய் மட்டத்தில விரலைப் பிடிச்சு, வெளியில எடுத்து பேரலோட வச்சுப் பாருங்கோ. நுனி பொறி போற ஓட்டை வரைக்கும் வரவேணும். ரெண்டு அங்குலம் முன்னாலயே நிண்டா உள்ளுக்கு ஏதோ கிடக்கு, நெருப்புப் பக்கமே கொண்டுபோகாதேங்கோ.

சாலையோரம்72:
அய்யோ வட்டமாத்தான் போட்டேன், அதுவும் டைட்டா இருக்கணும்னு பாத்துப் பாத்து! லக்கைத் திருப்பிப் பாத்தேன், பேரன் சொன்னது அப்படியே, ஈயம் பூரா லக்ல. இன்னொரு சந்தேகம், சைட் இருக்கிற இடத்துக்கு நேர் கீழதான் முன் லக், ஒண்ணைப் பத்தவைக்கும்போது இன்னொண்ணு விழுந்துடாதா?

பத்தர்பேரன்:
விழும். அதனால ரெண்டுக்கும் ஈயம் பூசி வச்சுக்கிட்டு ஒரே கம்பியில மேலயும் கீழயும் கட்டி ஒரே சூட்டுல முடிச்சிடுங்க. இரும்பு கிளாம்ப் போடாதீங்க, அது பாதி சூட்டைத் திருடிடும். சைட் நேரா நிக்கணும்னா பின்பக்க எட்டுப்பட்டையோட மேல்பட்டையில ரசமட்டம் வச்சு பேரலை வைஸ்ல லெவல் பண்ணிட்டு அப்புறம் கட்டுங்க. ஈயம் ஓடக்கூடாத இடத்துல எல்லாம் பென்சிலால கருப்பா தீத்தி விடுங்க, கரி இருக்கிற இடத்துல ஒட்டாது.

முடிஞ்சதும் சோடா உப்பு கரைச்ச தண்ணி, அப்புறம் வெந்நீர், அப்புறம் எண்ணெய். ஆசிட் ஃப்ளக்ஸ் துளி மிஞ்சினாலும் கட்டைக்கு அடியில சத்தமில்லாம துருவைக் கிளப்பும். கலர் பண்ணும்போது காஸ்டிக் உப்புல கொதிக்க வச்சு கருநீலம் ஏத்துற ஹாட் புளூயிங் கடைக்குக் குடுத்துடாதீங்க, அது ஈயத்தை அரிச்சுத் தின்னுடும், திரும்பி வரும்போது லக் தனியா கவர்ல வரும். துரு பிடிக்க வச்சு செய்யிற பிரவுனிங் போதும், ஃபவுலருக்கு அதுதான் அழகும்கூட.

புளியமரத்தடி:
குறுக்க பேசுறதுக்கு மன்னிக்கணும், எங்க வீட்ல கொள்ளுத்தாத்தாவோட நாட்டுத் துப்பாக்கி ஒண்ணு இருக்கு, ஈரோடு பக்கம் கிராமம், அதுல முன்னாடி குறி பாக்கிற மணி உடைஞ்சு போச்சு, இதே மாதிரி நானே செய்யலாமா?

பத்தர்பேரன்:
டார்ச்சை மூடி வைங்க. இந்தியாவுல ஆயுதச் சட்டம் 1959 இருக்கு, ரிப்பேர் பண்ணவே லைசென்ஸ் வேணும். முதல்ல அந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் பேப்பர் இருக்கான்னு வீட்ல கேளுங்க, இல்லைன்னா ஒரு வக்கீலைப் பாருங்க. வன்னி அண்ணன் சொன்ன மாதிரி உள்ள என்ன கெட்டிச்சிருக்குன்னும் தெரியாது.

சாலையோரம்72:
போன சனிக்கிழமை முடிச்சேன். அந்தப் பளபளக் கோடு மின்னுச்சு பாருங்க, பொண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டுறதுக்குள்ள ஆறிடுச்சு. பின் எல்லாம் எடுத்துட்டு பேரலைக் கயித்துல தொங்க விட்டு மரச் சுத்தியல்ல தட்டினேன், பானையைத் தட்டிப் பாக்கிற மாதிரி, நடு லக் கிட்ட மட்டும் கொஞ்சம் கரகரன்னு கேட்டுச்சு, அதைத் திரும்ப சூடு பண்ணி உக்கார வச்சேன், இப்ப மணி மாதிரி கணீர்னு இருக்கு. ஓட்டையெல்லாம் நீட்டிட்டேன். ஹீட்டரைத் தள்ளி வச்சாச்சு.

சைட் மட்டும் ஒரு நூல் அளவு இடது பக்கம் சாஞ்சிருக்கு. ரசமட்டம் வச்சேன் அண்ணே, வச்சிட்டு கம்பியை முறுக்கும்போது பாக்கல. பித்தளைதானே, சுட்டுப் பாத்துட்டு அரத்தால ராவிக்கலாம்னு விட்டுட்டேன்.