நாடகத்தை நிறுத்தப் போகிறார்களாமே, உண்மையா?

சிப்புட் தையலக்கா:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். தமிழ்நாட்டு நாடகம் ஒன்றை இரண்டு வருடமாக ஒரு நாள் விடாமல் பார்க்கிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் “அதையா பார்க்கிறீங்க?” என்று என் மருமகள் கேட்கிற மாதிரியே நீங்களும் கேட்பீர்கள்.

இந்த மாதத்தோடு அதை முடித்துவிடப் போகிறார்கள் என்று ஃபேஸ்புக்கில் யாரோ போட்டிருக்கிறார்கள். கீழே ஒருத்தர் பொய் என்கிறார், இன்னொருத்தர் உறுதியான செய்தி என்கிறார். எனக்கு அன்றைக்கு ஊசியில் நூல் கோர்க்கவே வரவில்லை. மூத்தவள் இன்னும் கோர்ட்டு வாசலில் நிற்கிறாள். சின்னவளுக்கு ஒன்பதாம் மாதம் நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. மாமனாரின் உயில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று பார்க்கிற நமக்குத் தெரியும், அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. இதையெல்லாம் பதினைந்து நாளில் எப்படி முடிப்பார்கள்?

முடிவதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. எந்த நாடகமும் ஒரு நாள் முடியத்தான் வேண்டும். பாதியில் விட்டுவிட்டுப் போவார்களோ என்பதுதான் பயம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கேளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். எழுபதுகளில் தோட்டத்துக்கே ஒரு டிவிதான், மண்டபத்தில் மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். 1978 கடைசியில் நாட்டுக்குக் கலர் வந்த பிறகும் எங்கள் பெட்டி கருப்பு வெள்ளைதான். தமிழ்ப்படம் போடுகிற ராத்திரி பாயைச் சுருட்டிக்கொண்டு போய் இடம் பிடிப்போம். ஆனால் தோட்டத்து ஜெனரேட்டர் பத்து மணிக்கு நின்றுவிடும். விடியும் முன்னே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போக வேண்டியவர்கள் தூங்க வேண்டாமா, அதனால். கதாநாயகன் வில்லன் வீட்டுக் கதவை உதைக்கும்போது இருட்டிவிடும். அப்பா “சரி சரி, எந்திரிங்க” என்பார். அந்த இருட்டில் நாங்கள் பாயைத் தேடிக்கொண்டிருப்போம்.

தோட்டத்துக் கணக்கர் கிராணி வீட்டில் மட்டும் விளக்கு அணையாது. அவருடைய மகள் என் வகுப்பு. மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஐந்து ரப்பர் கொட்டை கொடுத்தால் முடிவைச் சொல்வாள். நல்ல வரி விழுந்த கொட்டையாக இருக்க வேண்டும், சொத்தையை வாங்க மாட்டாள். அப்படி எத்தனை படத்துக்குக் கொட்டை கொடுத்திருப்பேன்! கல்யாணமான பிறகு கேசட்டில் அதே படங்களைப் பார்க்கும்போதுதான் தெரிந்தது, பாதிக்குப் பாதி அவளாகவே கட்டிவிட்ட முடிவுகள். செத்துப் போனதாகச் சொன்ன அம்மா கடைசிக் காட்சியில் ஆரத்தி எடுத்துக்கொண்டு நிற்கிறாள்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். நிறுத்தப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது? நாம் இங்கே உட்கார்ந்து பார்ப்பது அவர்கள் கணக்கில் சேருமா? சேரும் என்றால் சொல்லுங்கள், எங்கள் தாமானில், அதான் குடியிருப்பில், இருக்கிற அத்தனை பேரையும் ராத்திரி உட்கார வைத்துவிடுகிறேன்.

பந்திங் பையன்:

அக்கா, இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். சேராது. தாமானையே கூட்டி வைத்தாலும் சேராது.

எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்கிற கணக்கை டிஆர்பி என்கிறார்களே, அதை இந்தியாவில் எடுப்பது பார்க் என்கிற அமைப்பு. நாடு முழுக்கத் தேர்ந்தெடுத்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் டிவி பக்கத்தில் ஒரு மீட்டர் வைத்திருக்கிறார்கள். சேனல்கள் தங்கள் ஒலிக்குள் நம் காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டைக் கலந்து அனுப்பும், எந்த சேனல் ஓடுகிறது என்பதை மீட்டர் அதை வைத்துப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் ஆளுக்கு ஒரு பட்டன் உண்டு, பார்க்க உட்காரும்போது அமுக்க வேண்டும். வாரா வாரம் வியாழக்கிழமை கணக்கு வெளியே வரும். விளம்பரக் காசு அதைப் பார்த்துத்தான் வருகிறது. சென்னையிலோ மதுரையிலோ மீட்டர் இருக்கிற ஒரு வீட்டு ஆயா அன்றைக்குச் சீக்கிரம் தூங்கிவிட்டால் அதற்குக்கூடக் கணக்கு உண்டு. மாதா மாதம் காசு கட்டிப் பார்க்கிற நமக்குக் கிடையாது. எனக்கும் கடுப்புதான்.

முதல் கேள்விக்கு என் அம்மாவைக் கேட்டேன், இதில் அவர்தான் பேராசிரியர். நாடகத்தை ராத்திரியிலிருந்து தூக்கி மத்தியானத்திலோ ரொம்ப லேட்டான நேரத்திலோ போட்டால் முதல் அபாயமாம். புது நாடகத்துக்கு ப்ரோமோ ஓடும், ஆனால் எத்தனை மணிக்கு என்று சொல்ல மாட்டார்கள். அப்படியென்றால் யாரோ ஒருத்தர் இடம் காலியாகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, வில்லி திருந்துவாள். வில்லி கோயிலுக்குப் போய் அழுதால் அதிகம் போனால் பத்து எபிசோடு என்கிறார் அம்மா.

செம்பனை லாரி:

நான் செம்பனைக் குலை ஏற்றுகிற லாரிக்காரன். எனக்கு இந்த நாடகமே ஆகாது. வீட்டுக்கு வந்தால் சோறு மேசையில் மூடியிருக்கும், ஆள் டிவி முன்னால். ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். நம்மூர் நாடகங்களையும் கொஞ்சம் பாருங்கள் அக்கா. பெரும்பாலும் இத்தனை பகுதி என்று முதலிலேயே முடிவு செய்துதான் எடுக்கிறார்கள். ஆரம்பிக்கிறார்கள், முடிக்கிறார்கள். ஒன்பதாம் மாதம் ஒன்பது மாதம் நடக்காது. போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் நான்தான் முதலில் உட்கார்ந்து ஒன்றைப் பார்த்து முடித்தேன். பெண்டாட்டியிடம் சொல்லவில்லை.

கூலிம் ராணி:

அக்கா, மனசை விடாதீர்கள். ‘எதிர்நீச்சல்’ நாடகம் எங்களைப் படுத்திய பாட்டை நினைத்துப் பாருங்கள். 2023 செப்டம்பரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து டப்பிங் வேலையில் இருந்தபோது மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தார். அந்த ஆளை அவ்வளவு நாள் திட்டித் தீர்த்திருக்கிறேன், செய்தி வந்த அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். வீட்டில் சிரித்தார்கள். அப்புறம் வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். நல்ல நடிகர்தான், ஆனால் என் காதில் பழைய குரலே கேட்டுக்கொண்டிருந்தது. 2024 ஜூனில் முடித்துவிட்டார்கள். இன்னும் இருக்கிறதே, இப்படியா முடிப்பது என்று எங்கள் பக்கமெல்லாம் ஒரே புலம்பல். அதே டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று திரும்ப ஆரம்பித்தார்கள். முடிந்தது என்று சொன்னாலும் நம்ப வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதே இயக்குநரின் ‘கோலங்கள்’ 1,533 எபிசோடு. 2003இல் ஆரம்பித்து 2009இல் முடிந்தது. அது ஆரம்பித்தபோது என் மகனுக்குப் பால் பல் விழவில்லை, முடிந்தபோது அவன் ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுதியிருந்தான்.

சிப்புட் தையலக்கா:

எல்லோருக்கும் நன்றி. பந்திங் தம்பி, கணக்கில் சேராது என்று படித்ததும் ஒரு நிமிடம் கோபம் வந்தது. அப்புறம் மருமகளிடம் சொன்னேன். “அப்ப நீங்க பார்க்காம இருந்தாலும் ஒன்னும் நடக்காதுல்ல அத்தை?” என்கிறாள். அவளுக்கு அடுத்த ரவிக்கை தைக்கும்போது பார்த்துக்கொள்கிறேன்.

லாரித் தம்பி, மூடி வைத்தாலும் சோறு போட்டுத்தானே வைத்திருக்கிறாள். நம்மூர் நாடகமும் பார்ப்பேன், ஆனால் பெயரெல்லாம் மனதில் பதிவதற்குள் வணக்கம் போட்டுவிடுகிறார்கள். எனக்கு ஆட்கள் பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

ராணி, நீ சொன்னது ஆறுதலாக இருந்தது. எங்கள் தோட்டத்தில் ஒருத்தர்கூட இப்போது இல்லை. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டுவிட்டார்கள், லயத்துக்காரர்கள் ஆளுக்கொரு தாமானாகப் போய்விட்டோம். அந்தக் கிராணி மகள் ஈப்போவில் இருக்கிறாள். நேற்று அவளுக்கு ஃபோன் போட்டு, நாடகத்தை நிறுத்திவிட்டால் முடிவை நீயே சொல்லிவிடு என்றேன். கொட்டைக்கு இப்போது எங்கே போவாய் என்று கேட்டாள். ரவிக்கை ஒன்று இலவசமாகத் தைத்துத் தருவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.

இதை எழுதி முடிக்கும்போதுதான் நாளைய ப்ரோமோ பார்த்தேன். வில்லி கையில் அர்ச்சனைத் தட்டோடு காரிலிருந்து இறங்குகிறாள். தம்பி, கொஞ்சம் அம்மாவிடம் கேட்டுச் சொல்லேன். இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை. கோயில் வாசல்வரைதான் காட்டினார்கள்.