மலை மேல் பட்டறை வைத்துக்கொண்டு கப்பல் கட்டும் துறைக்குள் நுழைய முடியுமா?

லேத்துக்காரன், குன்னூர்:

வணக்கம். குன்னூர்ப் பக்கம் அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு ஒரு பட்டறை இருக்கிறது. தேயிலை ஃபேக்டரி வேலைதான் சோறு போடுகிறது. இலையை நசுக்கிச் சுருட்டும் சிடிசி ரோலருக்குப் பல் வெட்டுவது, டிரையர் தகடு மாற்றுவது, இலை வாட்டும் ட்ரஃப்புக்கு விசிறி, பாய்லரிலிருந்து வரும் நீராவிக் குழாய், இப்படி. பச்சைத் தேயிலை விலை என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ரோலரைப் பல் வெட்டக் கொடுப்பதையே தள்ளிப் போடுகிறார்கள், கொடுத்தாலும் பணம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகிறது.

பையன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு என்னோடு பட்டறையில் நிற்கிறான். தூத்துக்குடியில் கொச்சி கப்பல் தளமும் மும்பை மசகான் டாக்கும் மொத்தம் ₹30,000 கோடிக்குக் கப்பல் கட்டும் தளங்கள் போடப்போவதாக 2025-இல் செய்தி வந்ததிலிருந்து அவனுக்கு வேறு பேச்சே இல்லை. ரோபோ வெல்டிங் மெஷின் வாங்கலாம், இல்லையென்றால் மெட்டல் 3டி பிரிண்டர், பேங்க்கில் கடன் கேட்போம், இனிமேல் கப்பலின் பாகங்களையெல்லாம் பிரிண்ட்தான் எடுப்பார்கள் அப்பா என்கிறான். எனக்கோ மேட்டுப்பாளையம் தாண்டி ஆர்டர் எடுத்த பழக்கமே கிடையாது. இந்தத் துறையில் நிஜமாகவே என்ன மாறிக்கொண்டிருக்கிறது, எங்களைப் போன்றவர்கள் காசை எதில் போட்டால் வீணாகாது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூடலூரான்:

மலைக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக இறங்கினால் நிலம்பூர். 1840-களில் மலபார் கலெக்டராக இருந்த கனோலி அங்கே தேக்குத் தோட்டம் போட்டதற்கு முக்கியக் காரணமே கப்பலுக்கு மரம் தட்டுப்பாடானதுதான். அதற்கும் முன்னால் பம்பாயில் மலபார் தேக்கில் கட்டி 1817-இல் இறக்கிய டிரிங்கமலி என்ற போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்னும் மிதந்துகொண்டிருக்கிறது. மரம் போனது இங்கிருந்து, காசு தங்கியது அங்கே.

அதனால்தான் எனக்கு இந்த அறிவிப்புகள் மேல் அவ்வளவு நம்பிக்கை வருவதில்லை. உலகத்தில் கட்டப்படும் கப்பல்களில், டன் கணக்கில், 90 சதவீதத்துக்கு மேல் சீனா, தென்கொரியா, ஜப்பான் மூன்று பேரிடம் இருக்கிறது. நாம் ஒரு சதவீதம்கூட இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் கப்பல் மிதந்துவிடுமா? அண்ணா, வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கி மெஷின் வாங்காதீர்கள். அவ்வளவுதான் நான் சொல்வது.

வெல்ட்மார்க்:

சொந்த ஊர் கோத்தகிரி. வெல்டிங் இன்ஸ்பெக்டராகக் கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் கப்பல் தளங்களில் வேலை பார்க்கிறேன். கூடலூரான் கடனைப் பற்றிச் சொன்னது முழுக்க சரி. நம்பிக்கையைப் பற்றிச் சொன்னது பாதி சரி. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை கப்பல் கட்டும் துறைக்கு ₹69,725 கோடி ஒதுக்கியது, அதில் கப்பல் கட்டுவதற்கான நிதியுதவி 2036 மார்ச் வரை ஓடும். பத்து வருஷத்துக்கு மேல் கொள்கை மாறாமல் இருக்கும் என்றால் தளம் நடத்துபவர்கள் துணிந்து இறங்குவார்கள். ஆனால் வெறும் நிலத்திலிருந்து முதல் கப்பல் இறங்க வருஷங்கள் ஆகும். ஆகவே அண்ணா, உங்கள் முதல் வாடிக்கையாளர் தூத்துக்குடியாக இருக்க வாய்ப்பில்லை. கொச்சி, காட்டுப்பள்ளி, விசாகப்பட்டினம், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இந்த இடங்கள்தான்.

இப்போது மெஷின் விஷயம். கப்பலைக் கீழிருந்து மேலாக ஒரே இடத்தில் கட்டிக்கொண்டே போகும் காலம் போய் ரொம்ப நாளாகிறது. நூற்றுக்கணக்கான டன் எடையில் பிளாக் பிளாக்காகக் கட்டி, உள்ளே குழாய், கேபிள் டிரே, பெயிண்ட் எல்லாம் முடித்து, பிறகு பெரிய கிரேனில் தூக்கி ஒன்றோடொன்று சேர்ப்பார்கள். பட்டறையில் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை பிளாக்குக்குள் மூன்று மணி நேரமாகும், கப்பல் தண்ணீரில் இறங்கிய பிறகு எட்டு மணி நேரமாகும் என்று தளங்களில் ஒரு கணக்கு சொல்வார்கள். புதுமை, உத்தி என்று கருத்தரங்குகளில் பேசுவதில் பெரும்பகுதி இந்தக் கணக்கில்தான் வந்து நிற்கிறது: எவ்வளவு வேலையை முன்னாலேயே, வெளியே, கூரைக்குக் கீழே முடித்து வாங்க முடியும்? வெளியே என்றால் உங்களைப் போன்ற பட்டறைகள்.

ரோபோ அங்கே எதற்கு வருகிறது என்றால், தட்டையான பேனல்களில் ஒரே மாதிரி நேர்கோட்டு வெல்டு மீட்டர் மீட்டராக ஓடுவதற்கு. ஒரு நாள் ரோலர், மறுநாள் விசிறி என்று வேலை பார்க்கும் இடத்தில் அது துணி போர்த்தி மூலையில்தான் நிற்கும். 3டி பிரிண்டரில் தம்பி சொல்வது பொய்யில்லை. நெதர்லாந்தின் டாமன் நிறுவனமும் கூட்டாளிகளும் 2017-இல் 1.35 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லரை வெண்கலக் கலவையில் 298 அடுக்காக அச்சடித்து, அதற்குப் பியூரோ வெரிட்டாஸ் என்ற தரச்சான்று அமைப்பின் சான்றிதழும் வாங்கினார்கள். அப்படியும் இன்றைக்குக் கப்பல்களில் பார்க்கிற புரொப்பெல்லர் கிட்டத்தட்ட எல்லாமே வார்ப்புதான். உதிரிபாகம் கிடைக்காத இடத்தில் ஒன்றிரண்டு அச்சடிக்க அந்த மெஷின் உதவும். அதை நம்பி உங்கள் பட்டறையால் தவணை கட்ட முடியாது.

காசைக் காகிதத்தில் போடுங்கள். கிண்டல் செய்யவில்லை. வெல்டிங் செய்முறை எழுதி அதைச் சோதித்து அங்கீகாரம் வாங்குவது, வெல்டர்களுக்குக் கிளாஸ் சொசைட்டி (கப்பலுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு) முன்னால் டெஸ்ட், ஒவ்வொரு குழாய்க்கும் ஹீட் நம்பரோடு (எந்த உருக்கில் வந்த இரும்பு என்று காட்டும் எண்) மெட்டீரியல் சான்றிதழ். நம் நாட்டுக் கிளாஸ் சொசைட்டியான இந்தியன் ரிஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங்கின் சர்வேயர் வந்து கேட்டால் எந்தக் குழாயை எந்த வெல்டர் எந்த ராடில் போட்டார் என்று ஃபைலை எடுத்துக் காட்ட வேண்டும். கிளாஸ் சொசைட்டிகள் இவ்வளவு கறாராக இருப்பதற்குப் பழைய காரணங்கள் உண்டு. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா ரிவெட்டை விட்டு வெல்டிங்குக்கு மாறி 2,710 லிபர்ட்டி கப்பல்களைக் கட்டித் தள்ளியது, அது அன்றைய பெரிய தொழில்நுட்பப் பாய்ச்சல். அதே வேகத்தில் கட்டிய ஷெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் 1943 ஜனவரியில் அலையே இல்லாத துறையில் கட்டிக் கிடக்கும்போதே நடுவில் பிளந்தது. குளிரில் நொறுங்கும் இரும்பு, வெல்டில் குறை, ஒரு இடத்தில் தொடங்கிய விரிசலை நிறுத்த ரிவெட் மூட்டும் இல்லை.

மேகலா_பைப்பிங்:

கொடைக்கானல்காரி, கொச்சியில் கப்பல் டிசைன் அலுவலகத்தில் குழாய் மாடலிங் செய்கிறேன். வெல்ட்மார்க் அண்ணன் சொன்னதோடு எரிபொருளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பட்டறைகளுக்கு வேலை அந்தப் பக்கமிருந்துதான் வரும்.

சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2050-ஐ ஒட்டி நிகர வெளியேற்றம் பூஜ்யம் என்று 2023-இல் இலக்கு வைத்தது. அதற்கான கட்டண விதிகளை ஏற்பதை 2025 அக்டோபரில் ஒரு வருஷம் தள்ளிவைத்துவிட்டார்கள், ஆகவே எந்த எரிபொருள் ஜெயிக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. மெத்தனாலுக்கு டீசலைப் போல சுமார் இரண்டரை மடங்கு டேங்க் இடம் வேண்டும். அம்மோனியாவுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு, அதோடு அது விஷம், செம்பு பித்தளையை விரிசல் விடச் செய்யும், அதனால் அந்த லைனில் பித்தளை வால்வு வைக்கவே கூடாது. ஹைட்ரஜன் திரவமாக இருக்க மைனஸ் 253 டிகிரி. எது வந்தாலும் எஞ்சின் அறைக்குள் போகிற எரிபொருள் குழாய்க்கு வெளியே இன்னொரு குழாய் போட்டு, இடைவெளியில் கசிவைக் கண்காணிக்க வேண்டியிருக்கும். அதாவது இரட்டைச் சுவர்க் குழாய், நிறைய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நிறைய டிக் வெல்டு (ஆர்கான் வாயுவின் காப்பில் போடும் வெல்டு). எந்த எரிபொருள் ஜெயித்தாலும் தேவைப்படுகிற வேலை இது. உத்தி என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

கூடலூரானுக்கு ஒன்று. 1970-களின் தொடக்கத்தில் கொரியாவின் உல்சானில் ஹூண்டாய்க்குக் கப்பல் தளமே கிடையாது. டிசைனை ஸ்காட்லாந்திலிருந்து வாங்கி, தளத்தையும் முதல் கப்பலையும் ஒரே சமயத்தில் கட்டி 1974-இல் முடித்தார்கள். ஸ்வீடனின் மால்மோ தளம் நொடித்த பிறகு அங்கிருந்த ராட்சத கிரேனை ஒரு டாலருக்கு வாங்கி 2002-இல் உல்சானில் நிறுத்தினார்கள். மெத்தனாலில் ஓடக்கூடிய முதல் கன்டெய்னர் கப்பல் லாரா மெர்ஸ்க் 2023-இல் வந்ததும் அதே உல்சானில் கட்டியதுதான். புதுத் தொழில்நுட்பத்தோடு அவர்கள் தொடங்கவில்லை. அடுத்தவர் டிசைனைக் கொண்டு கட்டிக் கட்டிக் கை பழகிய பிறகு புதியது தானாக அவர்களிடம் வந்து சேர்ந்தது. நம் ஊரில் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலைக் கட்டும்போதும் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு, குறு நிறுவனங்கள் சாமான் கொடுத்தன, அவர்கள் எல்லோரும் கடற்கரைக்காரர்கள் கிடையாது.

லேத்துக்காரன், குன்னூர்:

இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை, நன்றி. பையனும் படித்துவிட்டு உம்மென்று இருக்கிறான், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். ஒரு சந்தேகம். குழாயை லாரியில் பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏற்றி, வேலை பார்த்து, மறுபடி இறக்கினால் வாடகையே தின்றுவிடாதா?

வெல்ட்மார்க்:

தின்றுவிடும். நீளமான குழாயை மேலே கொண்டுவர வேண்டாம். ஃபிளாஞ்ச், சின்ன மேனிஃபோல்டு, வால்வு பாகம், மெஷினிங் வேலை, இவை மேலே. ஸ்பூல் வேலைக்கு, அதாவது குழாயை வெட்டி வளைத்து ஃபிளாஞ்ச் சேர்த்து ஒரு துண்டாக முடிக்கும் வேலைக்கு, கீழே காரமடைப் பக்கம் ஒரு ஷெட் வாடகைக்குப் பிடியுங்கள். மலையை விட்டு இறங்க மனசு வராது, தெரியும்.

மேகலா_பைப்பிங்:

தம்பி மாடலிங் கற்றுக்கொள்ளட்டும். அவேவா மரைன், கேட்மேட்டிக் போன்ற மென்பொருளில் பிளாக்குக்குள் குழாய் எங்கே போகிறது என்று வரைந்து, ஒவ்வொரு ஸ்பூலுக்கும் வெட்டு அளவு, வளைவுக் கோணம் எடுத்துக் கொடுக்கிற வேலை. மலையிலிருந்தே செய்யலாம், நெட் மட்டும் நின்றுபோகாமல் இருக்க வேண்டும். வெல்டிங் தெரிந்தவன் வரைந்தால் கை நுழையாத இடத்தில் மூட்டு வைக்க மாட்டான். அப்படி ஆள் கிடைப்பது கஷ்டம்.

தொட்டபெட்டா_காற்று:

ஏன் தூத்துக்குடி வரைக்கும் போகிறீர்கள், ஊட்டி ஏரியிலும் பைக்காராவிலும் மோட்டார் படகு ஓடுகிறதே, அதை எலெக்ட்ரிக் ஆக்கினால் நம் ஊர் வேலைதானே?

மேகலா_பைப்பிங்:

நல்ல யோசனை, ஆனால் சந்தை சின்னது. தொழில்நுட்பத்துக்கு மலை ஏற்ற இடம்தான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்று மெலிந்ததால் டர்போ இல்லாத எஞ்சின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும், மோட்டாருக்கு அந்த மூச்சுத்திணறல் கிடையாது. ஜனவரி உறைபனியில் சாதாரண லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் போட்டால் கெட்டுப்போகும், கொச்சி வாட்டர் மெட்ரோ படகுகளில் இருக்கும் டைட்டனேட் வகை குளிரைத் தாங்கும், விலைதான் கூட. வைக்கம் பக்கம் 75 பேர் ஏறும் ஆதித்யா சோலார் படகு 2017-இலிருந்து ஓடுகிறது, ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

ஆனால் பழைய படகில் எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பேட்டரியை இஷ்டத்துக்கு வைக்கக் கூடாது. 2009-இல் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். எடை எங்கே உட்காருகிறது, எல்லோரும் ஒரு பக்கம் எழுந்து நின்று யானை பார்த்தால் எவ்வளவு சாய்கிறது என்று நேவல் ஆர்க்கிடெக்ட் கணக்குப் போட்டுக் கொடுத்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.

லேத்துக்காரன், குன்னூர்:

சரி, முதலில் வெல்டர் டெஸ்ட். என்னிடம் நீராவி லைன் போடுகிற ஆட்கள் இரண்டு பேர் நன்றாகச் செய்வார்கள். எந்த அளவு குழாயில் பழகச் சொல்லட்டும்?

வெல்ட்மார்க்:

ஆறு இஞ்ச் குழாயை 45 டிகிரியில் சாய்த்து அசையாமல் கட்டி, சுற்றிலும் போடச் சொல்லுங்கள், தளத்தில் 6ஜி என்பார்கள். ரூட், அதாவது அடியில் போடும் முதல் வெல்டு, டிக்கில். ஸ்டெயின்லெஸ் என்றால் உள்ளே ஆர்கான் விடாமல் போடக் கூடாது, உள்பக்கம் கருகிப் பொரிந்து எக்ஸ்ரேயில் போய்விடும். பழகுவதற்குக் கார்பன் ஸ்டீல் துண்டுகளே போதும், அறுத்து வளைத்துப் பார்க்கட்டும். இரண்டு பேருக்கும் கை நின்ற பிறகு சொல்லுங்கள், சர்வேயரை எப்படிக் கூப்பிடுவது, விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்று தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.