கண்காணிப்புக் குறியீட்டுக்குள் எல்லா விவரத்தையும் அடுக்கலாமா?

கேள்வி:
நாங்கள் மூன்று பேர் விளம்பரப் பிரச்சார இணைப்புகளை உருவாக்குகிறோம்; வருகை எங்கிருந்து வந்தது என்று அறிய, ஒவ்வொரு இணைப்பின் முடிவிலும் ஒரு கண்காணிப்புக் குறியீட்டை ஒட்டுகிறோம். நேற்று காலாண்டு அறிக்கையைத் திறந்தபோது ஒரே செய்திமடல் மூன்று வரிகளாக நின்றது. ஒருவர் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கியிருக்கிறார், மற்றவர் சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறார், நான் நடுவில் சிறுகோடு போட்டிருக்கிறேன். தள வருகையைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் இவற்றை வெவ்வேறாகவே எண்ணுகிறது. இனி ஆண்டு, பொருள், வட்டாரம், ஊடகம், விளம்பர அளவு எல்லாவற்றையும் கீழ்க்கோட்டால் பிரித்து ஒரே குறியீட்டில் வைக்க நினைக்கிறேன். சரிவருமா?

பதில் 1:
தயவுசெய்து வேண்டாம். ஏழு பகுதிகள் கொண்ட குறியீட்டை இரண்டு ஆண்டுகள் கட்டி மேய்த்தவன் நான். யாராவது ஒரு பகுதியை விட்டுவிட்டால் பின்னால் வருபவை அனைத்தும் ஓரிடம் நகர்ந்து, வட்டாரப் பத்தியில் ஊடகம் வந்து உட்கார்ந்துவிடும். பதிவானபின் கூகுள் அனலிட்டிக்ஸில் அதைத் திருத்தவும் முடியாது.

இப்போது எங்கள் குறியீடு வெறும் நான்கு இலக்க எண். அதன் பொருள் முழுவதும் தனி அட்டவணையில் இருக்கிறது. அதே வகைக் கருவியான அடோபி அனலிட்டிக்ஸில் கிளாசிஃபிகேஷன் (வகைப்படுத்தல்) என்ற வசதி இதற்காகவே உள்ளது: அட்டவணையைத் திருத்தி ஏற்றினால் பழைய அறிக்கைகளிலும் சரியான பெயர் வந்துவிடும். வட்டாரத்தின் பெயர் மாறினாலும் வெளியே போன இணைப்பைத் தொட வேண்டியதில்லை. இந்த நிம்மதிக்காகவே நான் இதை வலியுறுத்துகிறேன்.

பதில் 2:
இணைப்பில் ஒட்டும் குறியீடுகளில் கேம்பெய்ன் (பிரச்சாரம்) பெயருக்கு எண் சரி. மீடியத்துக்கு, அதாவது மின்னஞ்சலா விளம்பரமா என்று ஊடக வகையைச் சொல்லும் பகுதிக்கு, அது ஆகாது. கூகுள் அனலிட்டிக்ஸ் அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் வருகையைச் சேனல் (வழி) வாரியாகப் பிரிக்கிறது. சோர்ஸ் (வருகை வந்த இடம்), மீடியம் இரண்டிலும் தனக்குத் தெரிந்த சொல் இல்லையென்றால் வருகை ‘அனசைன்ட்’ (வகைப்படுத்தப்படாதவை) குவியலில் விழும். மின்னஞ்சலுக்கு ‘email’, கட்டணத் தேடல் விளம்பரத்துக்கு ‘cpc’ என்று அது எதிர்பார்க்கும் எழுத்திலேயே, சிறிய எழுத்தில் வையுங்கள். உங்கள் தளத்துக்குள் இருக்கும் பேனர்களில் யூடிஎம் (இந்தக் கண்காணிப்புக் குறியீடுகளின் பெயர்) ஒட்டாதீர்கள். விளம்பரத்தால் வந்த விற்பனை பேனரின் கணக்கில் ஏறிவிடும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மீடியத்துக்கு ஐந்து சொற்கள் மட்டும் கொண்ட தேர்வுப் பட்டியல், கேம்பெய்னுக்கு எண் என்று விரிதாளை அமைத்துவிட்டேன். பழைய மூன்று வரிகளை என்ன செய்வது?

பதில் 1:
மூலத்தில் அப்படியே இருக்கட்டும். அறிக்கை எடுக்கும் இடத்தில் மூன்றையும் ஒரே பெயருக்கு மாற்றும் விதி எழுதுங்கள். புதிய இணைப்பு ஒவ்வொன்றையும் அனுப்புமுன் அழுத்திப் பாருங்கள்: சில சுருக்க இணைப்புகள் வழிமாற்றும்போது முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ள கண்காணிப்புக் குறியீட்டைக் கழற்றிவிடும். எங்கள் ஒரு மாத மின்னஞ்சல் வருகைக் கணக்கு அப்படித்தான் போனது.